கையில் விழுந்த வெள்ளை

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சட்டென்று நிற்காது. ஏலத்தோட்டத்தில் ஒரு மழைக்காலம் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அட்டை குடித்துவிட்டு விழுந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கசிந்துகொண்டிருக்கும். அதனால் என் இடது குதிகாலில் ரத்தம் கசிந்தபோது நான் பயப்படவில்லை. குமுளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தேன். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கசிவு நின்றது. நான்கு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி கசிந்தது. மறுபடி அப்பினேன்.

"அண்ணே, அட்டைக்கு உங்க காலு என்ன பிரியாணியா? தெனமும் ஒரே எடத்துல வந்து உக்காருது" என்றாள் கூட வேலை பார்த்த செல்வி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மழை விட்டு, பனியும் போய், தோட்டத்தில் ஓர் அட்டைகூட இல்லாத மாசி மாதத்தில் அவளே மறுபடி கேட்டாள். "வெயிலு காலத்துலயுமாண்ணே அட்டை கடிக்குது?"

அது சரியான கேள்வி. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு படர்ந்திருந்தது. புகையிலைக் கறை என்று நினைத்தேன். எட்டு மாதம் அப்படி நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். லாரியில் போனேன், தேவிகுளம் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தேன், திருப்பூரில் இருந்தேன், பிறகு குமுளி. எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், உடம்பைக் கவனிக்கச் சொல்ல ஆள் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதுதான். உள்ளங்காலை மாதம் ஒரு முறையாவது திருப்பிப் பாருங்கள். நான் சொல்லக்கூடிய பயனுள்ள விஷயங்களில் இது ஒன்று. இன்னொன்று பின்னால் வருகிறது.

குமுளியில் ஒரு டாக்டர் என் காலைப் பார்த்தார், தொடவில்லை. "இது கடி இல்ல. கீழ போய்ப் பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க. அடுத்த வாரம்னு இழுக்காதீங்க" என்றார்.

கீழே எனக்கு இருந்தது அக்கா வீடு மட்டும்தான். பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் அக்காவும் மச்சானும் ஏழெட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார்கள். ஒரே மகள் சுகன்யா. அங்கே போய்ச் சேர்ந்து, மச்சானோடு கோவைக்குப் பஸ் ஏறினேன்.

சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, மெலனோமா என்றார்கள் (தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் வரும் புற்றுநோய்). உள்ளங்காலில் வந்தால் நம்மைப் போன்றவர்கள் ஆணி, புண், கறை என்று நினைத்துத் தாமதம் செய்துவிடுவது வழக்கம் என்றும் சொன்னார்கள். குதிகாலில் அந்த இடத்தை வெட்டியெடுத்துத் தொடையிலிருந்து தோல் வைத்துத் தைத்தார்கள். இடது தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்த நிணநீர்க் கணுக்களையும் (நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் கூடும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன.

ஊரில் கால் ஆணிக்கு ஆபரேஷன் என்று சொன்னோம். சொன்னது அக்கா. நானும் மறுக்கவில்லை. சுகன்யாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தாய்மாமனுக்குப் புற்று என்றால் அந்தப் பேச்சு வீட்டு வாசலைத் தாண்டிப் பல ஊர் போகும். சின்னப் பொய்தான். அதுதான் பிற்பாடு என்னை முடித்தது.

நுரையீரல் புள்ளிகளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. நான் குமுளியில் பார்த்த வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

தோட்டத்துக்குப் போகும் முன்பு ஓர் ஏலக்காய்க் கடையில் சாம்பிள் எடுப்பவனாக இருந்தேன். ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை இறக்கி ஒரு கைப்பிடி காய் எடுப்பேன். அதைத் தட்டில் பரப்பி வியாபாரிகள் முன்னால் வைப்பேன். மூட்டையை யாரும் பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உடம்பிலும் அப்படி ஓர் ஆள் இருக்கிறதாம். டென்ட்ரிடிக் செல் (கிளைகிளையாகக் கை நீட்டியிருக்கும் ஒரு வெள்ளையணு) என்று பெயர். தோலிலும் சதையிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கெட்ட அணு செத்து உடைந்தால் அதன் துணுக்கை விழுங்கி, சிறிதாக நறுக்கி, தன் மேற்புறத்தில் தாங்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். அந்தத் துணுக்குக்கு ஆன்டிஜென் (இது இன்ன அணு என்று அடையாளம் காட்டும் புரதத் துண்டு) என்று பெயர். கணுவில் டி செல்கள் (அடையாளம் தெரிந்த அணுவைத் தேடிப்போய்க் கொல்லும் வெள்ளையணுக்கள்) வந்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கில் பார்த்தாலும் ஏதோ ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். பொருந்திய டி செல் பெருகி, கூட்டமாகக் கிளம்பி, அந்த அடையாளம் உள்ள அணுக்களைத் தேடிக் கொல்லும்.

"அப்ப எனக்கு ஏனுங்க அது நடக்கல?" என்று கேட்டேன்.

"காட்டினா மட்டும் போதாதுங்க. காட்டும்போதே இது ஆபத்துன்னு உசுப்பணும். புற்று இருக்கற எடத்துல அந்த உசுப்பலை அது அமுக்கிருது. உசுப்பாம காட்டினா, டி செல் இது நம்ம ஆளுதான்னு பழகிக்கும். அப்பறம் எதிர்ல பார்த்தாலும் விட்டுரும்" என்றார்.

ஆய்வில் அந்த உசுப்பலை வெளியே வைத்துச் செய்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுற்றவிட்டு, வேண்டிய வெள்ளையணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். உதடு மரத்துப்போனது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த அணுக்களை ஒரு வாரம் வளர்த்து, என் இடுக்கிலிருந்து எடுத்த கட்டியையே அரைத்து அவற்றுக்கு ஊட்டி, வலது தொடையின் மேற்பக்கம் ஊசியாகப் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதலில் அப்படி ஆறு, அதன் பிறகு மாதம் ஒன்று.

தங்களிடம் கேட்காமல் வேறு மருந்து சாப்பிடக் கூடாது என்று சொல்லி ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்கும்போது அக்கா எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

நான்காவது ஊசிக்குப் பிறகு இடது கண்ணுக்குக் கீழே வெள்ளை விழுந்தது. பிறகு புருவ முடி நரைத்தது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டிலிருந்து மணிக்கட்டு வரை திட்டுத்திட்டாக வெளுத்தது. வலியில்லை, அரிப்பில்லை.

டாக்டரம்மா என் கையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இது நல்லதுங்க. நிறம் கொடுக்கற நல்ல செல்லுலயும் மெலனோமாலயும் ஒரே மாதிரி சில புரதம் இருக்கு. உங்க டி செல் அதைப் பார்த்துக் கத்துக்கிச்சு. கத்துக்கிட்டது நல்லது கெட்டது பார்க்காம ரெண்டையும் அடிக்குது."

"அப்ப நான் முழுக்க வெளுத்துருவனுங்களா?"

"வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

அடுத்த ஸ்கேனில் மூன்று புள்ளிகளில் ஒன்று இல்லை. மற்ற இரண்டும் பாதியாகியிருந்தன. பஸ்ஸில் திரும்பி வரும்போது மச்சான் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். அவ்வளவுதான் நாங்கள் கொண்டாடியது.

அந்த வாரம்தான் சுகன்யாவைப் பார்க்க ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு நான் காபி கொடுத்தேன். அந்த அம்மா டம்ளரை வாங்கினார், என் கையைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார். பேசிக்கொண்டே இருந்தார். காபி ஆறி ஆடை கட்டியது. அவர் எடுக்கவில்லை.

பெண்ணைப் பிடித்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "பொண்ணோட மாமனுக்கு அந்த வெள்ளை வம்சத்துல வர்றதுங்களா?"

அக்கா பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது ஊசியால் வந்தது, வம்சத்தில் வந்ததல்ல, டாக்டரே நல்லது என்கிறார் என்று.

"நல்லதுன்னு யாருகிட்டடா போய்ச் சொல்றது? கால் ஆணிக்கு ஊசி போட்டா கை வெளுக்குமான்னு கேப்பாங்க."

அவள் கேனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நிச்சயத்துக்கு மாமன்தாண்டா மாலை போட்டுக் கூட்டியாந்து உக்கார வெக்கோணும். சபை பூரா உன்ற கையத்தான் பாக்கும்."

"நான் வர்ல. மேல போயிடறன். வேலை இருக்குதுன்னு சொல்லிக்க."

"மாமன் உசுரோட இருக்கறப்ப யார்றா மாலை போடுவா?" என்றாள். கேனின் அடியைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு ஒரு மருந்து இல்லாமயா இருக்கும்?" என்றாள். எனக்குச் சொன்னதுபோல இல்லை. கேனுக்குச் சொன்னதுபோல இருந்தது.

நிச்சயத்துக்கு ஏழு வாரம் இருந்தது. நான் தனியாகப் பொள்ளாச்சிக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. முறையாகத்தான் கேட்டார்.

"சுகர், பிரஷர், வேற ஏதாவது வைத்தியம் நடக்குதுங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கால்ல என்ன கட்டு?"

"ஆணிங்க."

சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் நாக்கு தயங்கவே இல்லை. தோலுக்கு மருந்து கேட்பதை நான் ஒரு வைத்தியம் என்றே நினைக்கவில்லை. காய்ச்சல், வலி, கட்டி, இவைதான் நோய். தோலின் நிறம் அலங்கார சமாச்சாரம். சட்டைக்குச் சாயம் போடுவதுபோல அதைச் சரிசெய்துகொண்டால் உள்ளே நடப்பது உள்ளே நடக்கும் என்று நினைத்தேன். அந்த அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது நினைவில் இருந்தது. நினைவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

சனி, ஞாயிறு மட்டும் போடும் மாத்திரை கொடுத்தார். தடவ ஒரு களிம்பு. இடையில் இரண்டு முறை ஊசிக்காகக் கோவைக்குப் போனேன். முகத்துக்குக் களிம்பும் மேலே பவுடரும் போட்டிருந்தேன். முழுக்கைச் சட்டை. இரண்டு முறையும் டாக்டரம்மா ஊரில் இல்லை, வேறொருவர் ஊசி போட்டு அனுப்பினார். கேள்வித்தாளில் புது மருந்து ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று குறித்தேன்.

ஐந்தாவது வாரம் வெள்ளைக்குள் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகு கடுகாகப் பழுப்பு முளைத்தது. அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சாமி படத்தின் முன் சூடம் கொளுத்தினாள். நிச்சயத்தன்று திட்டுகள் கிட்டத்தட்ட மூடிவிட்டன. சபையில் சுகன்யாவுக்கு மாலை போட்டு அழைத்து வந்தேன். மாப்பிள்ளையின் அத்தை என் கையிலிருந்து தாம்பூலத் தட்டை வாங்கினார்.

"வெயில்ல சுத்தினதுதானுங்களே, நிழல்ல இருந்தா செரியாயிருது" என்றார். மச்சான் சிரித்து, "மாட்டுக் கொட்டாயில கட்டிப் போட்டிருக்கறமுங்க" என்றார். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாத ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா இருந்தார். கையை விளக்குக்குக் கீழே பிடித்தார். முன்பு பார்த்த அதே கை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். மாத்திரை அட்டையைக் கேட்டார். பையில்தான் இருந்தது, கொடுத்தேன். பெயரைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும் மருந்து) என்றார். தோல் வெளுப்பதற்கு அது சரியான மருந்துதான், டி செல்லைத் தணித்தால் நிறம் திரும்பும். எனக்கு அந்த டி செல்தான் வைத்தியம். காட்டுகிற அணுவின் வேகத்தையும் அந்த மாத்திரை மட்டுப்படுத்தும், பார்க்கிற அணுவின் வேகத்தையும் மட்டுப்படுத்தும்.

"திட்டலாமுங்க" என்றேன்.

"திட்டி என்ன ஆகப் போகுது?" என்றார். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேனில் நுரையீரலில் ஐந்து இருந்தன. கல்லீரலில் இரண்டு. ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், விதி அப்படி. கட்டி ஒன்றில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்ததில், இப்போது வளர்வதில் பல அணுக்கள் அந்த அடையாளத்தையே வெளியே காட்டுவதில்லை என்று தெரிந்தது. டி செல் விழித்திருந்தாலும் அவற்றைப் பார்க்க முடியாது. வேறு ஒரு மருந்து போட்டுப் பார்த்தார்கள். குடல் புண்ணாகி நிறுத்திவிட்டார்கள்.

"அந்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. அது இல்லாமலேயும் திரும்ப வந்திருக்கலாம். நெறைய பேருக்கு வருது" என்றார் டாக்டரம்மா. ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் கஷ்டம். செய்தது இதுதான் என்று தெரிந்தால் அதோடு இருந்துவிடலாம்.

இரண்டாவது விஷயம் சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு இந்த மாதிரி வைத்தியம் நடந்தால், உடம்பில் புதிதாக எது வந்தாலும், அது நோய் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும், முதலில் அங்கே சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போனாலும், தோல் டாக்டரிடம் போனாலும், நோயின் பெயரைச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்.

அந்த மாத்திரை என்ன செய்தது என்று அக்காவுக்கு மச்சான்தான் சொன்னார். நான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். அன்று மாலை அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"என்ற வார்த்தைக்குத்தான் போனியா?"

"இல்ல. நானாத்தான் போனன்."

"பொய் சொல்லாத. நீ சொல்ற பொய் எனக்குத் தெரியும்" என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். சுகன்யாவின் கல்யாணம் நடந்துவிட்டது. அதில் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாலை போட்டேன். ஊருக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அத்தை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பஞ்சாயத்திலிருந்து வாரம் ஒரு நாள் பாலியேட்டிவ் நர்ஸ் (நோயைத் தீர்க்க முடியாதபோது வலியைக் குறைக்க வீட்டுக்கே வருபவர்) வருகிறார். "சேட்டா, வேதன உண்டோ?" (அண்ணா, வலி இருக்கிறதா?) என்று மலையாளத்தில் கேட்டு மாத்திரையை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார். உண்டு என்றால் கூட்டுகிறார். இல்லை என்றால் நம்புவதில்லை.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்பது பஸ் ஏறி இறங்குவதற்கு இடைப்பட்ட நேரம். உடம்பு என்பது என்னைக் கூட்டிப்போகிற ஒன்று. இப்போது உடம்பு எங்கும் போவதில்லை. அதற்குள்தான் போக்குவரத்து நடக்கிறது. எதை எது பார்க்கிறது, எது எதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை. என் கையில் ஒரே நிறம். ஊரார் பார்வைக்கு அது நல்ல கை.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா ஒன்று சொன்னார். தணிந்த டி செல் எல்லாம் செத்துப்போவதில்லை, சில நினைவு வைத்திருக்கும், அபூர்வமாகத் திரும்ப எழும். "வெள்ளை மறுபடி வந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்றார். வரும் என்று சொல்லவில்லை.

மச்சான் அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டார். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்ததும் அவள் என்னை வாசல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்கிறாள். இரண்டு கைகளையும் வாங்கி, விரல் விரலாக, மூட்டு மூட்டாகப் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே கட்டை விரலால் இழுத்துப் பார்க்கிறாள். அவள் கையில் பால் வாடை இருக்கும்.

"ஒண்ணும் இல்லக்கா" என்பேன்.

"வெளிச்சம் பத்தல. நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். வெயில் நன்றாக ஏறியிருக்கும்.